ஒரு நாள் இருக்கிறதா? நடக்கலாம் வாங்க!

*திருச்செந்தூருக்கு நடந்து போக நாலு நாள் லீவு கிடைக்காதவர்களுக்கு, பாவூர்சத்திரத்தைச் சுற்றியே பாதைகள் காத்திருக்கின்றன.*

மார்கழி பாதி கழிந்துவிட்டால் போதும், தென்காசி - திருநெல்வேலி சாலையில் பச்சை வேட்டிகளும் பச்சைச் சேலைகளும் தென்பட ஆரம்பித்துவிடும். முன்னால் ஒரு குட்டியானை வண்டி. அதன் மேல் சீரியல் லைட் சுற்றிய முருகன் படம். ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறி ஒலிபெருக்கியில் பாட்டு. பின்னாலேயே முப்பது நாற்பது பேர், பாதிப் பேர் வெறுங்காலோடு. கால் வெடித்தவர்கள் பழைய வேட்டித் துணியைக் கிழித்துப் பாதத்தில் சுற்றியிருப்பார்கள். எல்லாரும் கிழக்கே திருச்செந்தூரைப் பார்த்து நடக்கிறார்கள். பாவூர்சத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். மூன்று நாளோ நான்கு நாளோ ஆகும்.

அந்த நேரத்தில் சாலையோரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி வேலைக்குத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். காமராஜர் தினசரி சந்தையில் கேரளத்துக்குப் போகும் லாரியில் காய்கறி மூட்டை ஏற்றுகிறவர், நாலு நாள் வரவில்லை என்றால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பார். வீட்டுத் திண்ணையில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சுற்றாத நாளுக்குக் காசு கிடையாது. மத்தளம்பாறையில் இருக்கும் சோகோ அலுவலகத்துக்கு பைக்கில் போகும் இளைஞருக்குச் சனி, ஞாயிறு மட்டும்தான் சொந்தம். இவர்கள் எல்லாருக்கும் நடந்து போக மனசு இருக்கிறது. காலிலும் தெம்பு இருக்கிறது. நாள்தான் இல்லை.

இவர்களில் பலர் வருடா வருடம் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். சிலர் துணிந்து கிளம்பி, நாலு நாள் தூரத்தை இரண்டு நாளில் முடிக்கப் பார்த்து, பாதி வழியில் முட்டி வீங்கி ஆட்டோவில் ஏறுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. கையில் இருக்கிற நேரத்துக்குப் பொருந்துகிற பாதையைத் தேர்ந்தெடுத்து, அதை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை சொந்தக் காலால் முடித்தால் அது முழு யாத்திரைதான். இதை உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம், பாவூர்சத்திரத்துக்கு மேற்கே 10 கிலோமீட்டரில் வானளாவ நிற்கிறது.

வர முடியாதவர்களுக்காக எழுந்த கோயில்

தென்காசி காசி விசுவநாதர் கோயில் ஏன் கட்டப்பட்டது என்பதற்குத் தலபுராணம் சொல்லும் கதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். தெற்கிலிருந்து காசிக்கு நடந்து புறப்பட்டவர்களில் பலர் போய்ச் சேருமுன்பே வழியில் மாண்டுபோனார்கள். அவர்கள் தென்னாட்டிலேயே தரிசிக்கும்படி ஒரு கோயில் எழுப்பு என்று பராக்கிரம பாண்டியனின் கனவில் சிவபெருமான் சொன்னார். எறும்பு ஊர்ந்து போன வழியிலேயே போன மன்னன், சிற்றாற்றின் வடகரையில் அது முடிந்த இடத்தில் கோயிலைக் கட்டினான். 1446 வாக்கில் தொடங்கிய திருப்பணி 17 ஆண்டுகள் நடந்தது. ராஜகோபுரம் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-ல் 9 நிலைகளோடும் சுமார் 180 அடி உயரத்தோடும் மறுபடி எழுந்தது. 2025 ஏப்ரலில் கோயிலுக்குக் குடமுழுக்கும் நடந்தேறியது.

கதையின் உள்ளே இருக்கும் நியாயத்தைக் கவனியுங்கள். நீண்ட யாத்திரைக்கு ஆயுளும் நாளும் போதாதவர்களை யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் நடந்து எட்டுகிற தூரத்துக்குக் காசியே வந்தது. யாத்திரையைச் சுருக்கிக்கொள்வது பக்தியில் குறைவு என்று நினைக்கிறவர்கள், அப்படிச் சுருக்கிக்கொள்வதற்காகவே எழுந்த ஊரில் நின்றுகொண்டு அதை நினைக்க முடியாது.

வெளியிலும் இதே வழக்கம் உண்டு. இலங்கையில் யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை ஒன்றரை மாதத்துக்கு மேல் நீளும். அத்தனை நாள் ஒதுக்க முடியாதவர்கள் கிழக்குக் கரையில் உகந்தை முருகன் கோயிலுக்கு வந்து, அங்கிருந்து குமண, யால காட்டு வழியை நாலைந்து நாளில் நடந்து கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். ஸ்பெயினில் சந்தியாகோ தேவாலயத்துக்கு நடப்பவர்கள் கடைசி 100 கிலோமீட்டரை நடந்திருந்தாலே யாத்திரைச் சான்றிதழ் கிடைக்கும். அதனால் சாரியா என்ற சிற்றூரிலிருந்து நடையைத் தொடங்குகிறவர்கள் ஏராளம். ஜப்பானின் சிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றும் பாதை சுமார் 1,200 கிலோமீட்டர். வேலைக்குப் போகிறவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, கிடைக்கிற விடுமுறையில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். நம்மூரில் திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். ஒரே இரவில் முடியும் அந்த நடையைச் சின்னது என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் கணக்கு

குறுகிய நடைக்குத்தான் திட்டம் அதிகம் தேவை. நாலு நாள் யாத்திரையில் ஒரு மணி நேரம் பிசகினால் மறுநாள் ஈடுகட்டலாம். ஒரு நாள் நடையில் அதற்கு இடமில்லை.

பழக்கமில்லாத கால், உற்சாகத்தில் முதல் இரண்டு மணி நேரம் மணிக்கு 4 கிலோமீட்டர் போகும். அதற்குப் பிறகு வேகம் குறையும். டீ, தண்ணீர், சாமி கும்பிடுவது எல்லாம் சேர்த்தால் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அப்படியானால் 18 கிலோமீட்டருக்கு 6 மணி நேரம். முதல் தடவை நடக்கிறவர்கள் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டத் திட்டமிட வேண்டாம். இரண்டாம் நாள் இன்னும் குறைவாக இருக்கட்டும்.

அடுத்தது கோயில் நடை. பெரும்பாலான கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிட்டு மாலை நாலு, ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். காலை 7 மணிக்கு நிதானமாகக் கிளம்பினால் வெயிலில் வெந்து, சாத்திய கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். விடியற்காலை 4 அல்லது 4.30 மணிக்குக் கிளம்புவது ஐதீகத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. அதற்கு இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. நான்குவழிச் சாலைக்காகத் தென்காசி - திருநெல்வேலி சாலையோரத்தின் பழைய மரங்கள் வெட்டப்பட்டன. முன்பு மரத்துக்கு மரம் நிழலில் நடந்த தூரத்தை இப்போது திறந்த தாரில் நடக்க வேண்டியிருக்கிறது. வெயிலுக்கு முன்பே பாதி தூரம் கழிந்துவிட வேண்டும்.

மூன்றாவது, திரும்பும் வழி. போகிற தூரத்தை மட்டும் நடங்கள். திரும்புவதற்கு பஸ்ஸோ ரயிலோ முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர் நடந்தே திரும்புவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அடுத்த வருஷம் அவர் கிளம்பவே மாட்டார்.

நேரத்துக்கு ஏற்ற பாதைகள்

*அரை நாள் இருந்தால்:* பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசி கோபுர வாசல் வரை. மூன்று, மூன்றரை மணி நேரம். விடியலில் புறப்பட்டால் காலை பூஜையைப் பார்த்துவிட்டு, வடைக்கும் காபிக்கும் நேரம் ஒதுக்கி, மதிய ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம். இன்னும் குறைவாகத்தான் நேரம் என்றால் அருகிலேயே கீழப்பாவூர் இருக்கிறது. பெரியகுளத்தின் காற்று வாங்கிக்கொண்டே போய் 16 கை நரசிம்மரைத் தரிசித்து வரலாம். சுவாதி நட்சத்திரத்தன்று விசேஷம்.

*முழு நாள் இருந்தால்:* இந்தக் கட்டுரையின் முதல் சிபாரிசு இதுதான். பாவூர்சத்திரம், தென்காசி விசுவநாதர், இலஞ்சி குமாரர், குற்றாலநாதர். ஒரே நடையில் மூன்று கோயில்கள், மொத்தம் 18 கிலோமீட்டருக்குள். அதிகாலை 4.30-க்குக் கிளம்பினால் 8 மணிக்குத் தென்காசி. தரிசனம், பலகாரம், அரை மணி நேரம் காலை நீட்டி உட்காரல். பத்தேகாலுக்கு இலஞ்சி, வயலுக்கும் தோப்புக்கும் நடுவே முருகன். பதினொன்றரைக்குக் குற்றாலம். சங்கு வடிவத்தில் அமைந்த குற்றாலநாதர் கோயிலில் நடை சாத்துமுன் கும்பிட்டுவிடலாம். அதற்குப் பிறகு அருவி. ஆறு மணி நேரம் தார் ரோட்டில் நடந்த காலை அந்தத் தண்ணீரில் நனைப்பதற்கு இணையான மருந்து இல்லை. ஐம்பெரும் சபைகளில் ஒன்றான சித்திரசபை தனியாக, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. சாயந்தரம் வரை நேரம் இருந்தால் அதன் சுவரோவியங்களை அவசரமில்லாமல் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அருவியில் காவலர்கள் போகக் கூடாது என்றால் போகக் கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நொடியில் வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனது. கீழே வெயில் அடித்தாலும் மலை மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம். செண்பகாதேவி அருவிப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவும் வேண்டாம்.

*மலை ஏற ஆசை இருந்தால்:* கடையம் சாலைப் பக்கம் தோரணமலை. யானை படுத்திருப்பது போன்ற மலை. அகத்தியரும் தேரையரும் வாழ்ந்த இடம் என்பது நம்பிக்கை. உச்சியில் கிழக்கு நோக்கிய முருகன். சாலையில் நடக்கும் தூரம் குறைவுதான் என்று அலட்சியம் வேண்டாம். படிகள் செங்குத்து. வெயில் ஏறுமுன் உச்சிக்குப் போய்விட வேண்டும். இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

*தெற்கே நடந்தால்:* கடையம் தாண்டிப் பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் தர்கா. முஸ்லிம்களும் இந்துக்களும் நேர்ச்சையோடு வரும் இடம். கடையம், பாரதியார் 1918 முதல் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த மாமனார் ஊர். அவர் உலாவிய வில்வவனநாதர் கோயிலும் வழியிலேயே. ஒரு நாள் நடைக்குள் அடங்கும். திரும்பக் கீழக்கடையத்தில் ரயில் ஏறினால் பாவூர்சத்திரத்தில் இறங்கலாம்.

*இரண்டு நாள் இருந்தால்:* முதல் நாள் குற்றாலம் வரை மேலே சொன்ன பாதை. அங்கே ராத்தங்கல். மறுநாள் விடியலில் செங்கோட்டை வழியாகப் பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயில். கடைசியில் படியேற்றம் இருப்பதால் இரண்டாம் நாள் தூரம் குறைவாக இருப்பதே நல்லது. செங்கோட்டையிலிருந்து ரயிலில் ஊர் திரும்பலாம்.

*திருச்செந்தூர்தான் வேண்டும் என்றால்:* அதற்கும் வழி உண்டு. பாவூர்சத்திரத்தில் ரயில் ஏறித் திருநெல்வேலியில் மாறி, ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குங்கள். அங்கிருந்து திருச்செந்தூர் சுமார் 30 கிலோமீட்டர். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் புளியமரத்தையும், தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதரையும் பார்த்துக்கொண்டே முதல் நாள் பாதி தூரம். இரண்டாம் நாள் குரும்பூர் வழியாகக் கடற்கரை. சனி, ஞாயிறில் முடியும். தாமிரபரணிக் கரையின் நெல்வயலும் வாழைத்தோப்பும் கூடவே வரும். இந்தக் கடைசி 30-ல் கிழக்கே வர வர உப்புக்காற்று முகத்தில் படும். செந்தூர் நெருங்கிவிட்டது என்று கால் தானாகத் தெரிந்துகொள்ளும்.

எந்த மாதம்?

மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை நடக்கத் தோதான காலம். பங்குனியில் விடியலில் மட்டும். பங்குனி உத்திரத்தன்று இங்கே குடும்பம் குடும்பமாகக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவது வழக்கம். உங்கள் சாஸ்தா கோயில் நடக்கிற தூரத்தில் இருந்தால் வேனை விட்டுவிட்டு அந்த ஒரு நாள் நடந்து பாருங்கள். பாட்டன் பூட்டன் போன வழியில் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. சித்திரை, வைகாசியில் பகல் நடை வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, தென்காசியைப் பார்த்து நடப்பவர்களை எதிர்த்துத் தள்ளும். சாரலும் சேர்ந்தால் களைப்பு தெரியாது. ஆனால் வேகம் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். கார்த்திகை, மார்கழியில் குற்றாலம் ஐயப்ப பக்தர்களால் நிரம்பி வழியும் என்பதால் ராத்தங்க முன்பே இடம் சொல்லி வைக்க வேண்டும்.

காலுக்குச் செய்ய வேண்டியவை

மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் தினமும் விடியலில் ஒரு மணி நேரம். இரண்டாம் வாரம் ஞாயிறன்று இரண்டரை மணி நேரம் தொடர்ந்து. மூன்றாம் வாரம் கொண்டுபோகப் போகும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். அப்போதே எந்த விரல் உரசுகிறது, எந்தப் பக்கம் குதிகால் வலிக்கிறது என்பது தெரிந்துவிடும். யாத்திரைக்கு என்று புதுச் செருப்பு வாங்கிப் போடுவது கொப்புளத்துக்குக் காசு கொடுப்பதாகும். ஆறு மாதம் பழகிய செருப்பே போதும்.

வெறுங்காலோடு வருகிறேன் என்று நேர்ந்திருந்தால், விடியற்காலைத் தூரத்தை வெறுங்காலில் முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். கல் குத்தியதும் தெரியாது, சுட்டதும் தெரியாது. மாத்திரை, இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பையில் கொஞ்சம் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். முருகன் வேண்டுதலை ஏற்பார். புண்ணான காலைக் கேட்கமாட்டார்.

கிளம்புமுன் விரல் இடுக்கிலும் தொடை உரசும் இடத்திலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம். கழுவி, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை நாலு மடக்குத் தண்ணீர். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டால் மயக்கம் வராது. மோரும் நல்லது. எட்டு மணிக்கு முன்னால் பூரியும் பொங்கலும் வயிறு முட்ட வேண்டாம். இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் நடையைக் காப்பாற்றும்.

பெண்கள் சேர்ந்து நடக்கும்போது ஓய்வு இடங்களைக் கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: ரயில் நிலையம், பஸ் நிலையம், பெட்ரோல் பங்க், கோயில் வளாகம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் நடந்து சுருண்டு விழுகிறவர்கள் உண்டு. கூட வரும் ஆண்கள் கேட்காமலே இதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

சாலையில் உயிர் முக்கியம்

நெல்லை - தென்காசி சாலையில் காய்கறி லாரியும் கல் லாரியும் கேரளத்தை நோக்கி இரவு பகலாக ஓடுகின்றன. விடியலுக்கு முந்தைய இருட்டில் நடப்பவர்களுக்கு மூன்று விதிகள். சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் ஒளிரும் பட்டை போட்டு டார்ச் வைத்திருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் நாலு பேர் ஒரே வரிசையில் விரிந்து நடக்கக் கூடாது. காதில் இயர்போன் கூடாது. ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவாகப் போவது எல்லாவற்றுக்கும் வசதி.

இதில் நடப்பவர் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. திண்டுக்கல் - பழனி சாலையில் பாதயாத்திரை பக்தர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் பாதையில் அது கட்டாயத் தேவை. அதே தேவை இங்கேயும் இருக்கிறது. தென்காசியிலிருந்து திருச்செந்தூர் வரையிலும், தென்காசி - இலஞ்சி - குற்றாலம் போன்ற குறுகிய பாதைகளிலும் ஓரமாக ஒரு மண்பாதை, வரிசையாகப் புங்கையும் வேம்பும், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை. பெரிய திருவிழாவுக்குத் தற்காலிகப் பந்தல் போடுவதோடு இது முடியக் கூடாது. வருஷம் முழுக்க, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் தனியாகப் புறப்படுகிற பீடித் தொழிலாளிக்கும் சந்தைத் தொழிலாளிக்கும் பாதுகாப்பான வழி வேண்டும். நீண்ட யாத்திரை போக வசதி இல்லாதவர்கள்தான் குறுகிய பாதைகளை நம்பியிருக்கிறார்கள்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைப் பேணிக் காப்பவர்களின் அடிகளைத் தான் வணங்குவதாகப் பாடி, அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அரசன் தன் காலத்துக்குப் பிறகு வரும் மக்களிடம் வைத்த விண்ணப்பம் அது. நடந்து வருகிறவனுக்கு ஒரு மரம் நடுவதும், ஒரு குழாய் வைப்பதும், நடந்தவன் தன் பிளாஸ்டிக் டம்ளரை வழியில் வீசாமல் கையோடு எடுத்துப் போவதும் அந்தக் காப்பில் சேர்ந்தவைதான். நகராட்சியும் ஊராட்சிகளும் அறநிலையத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் ஒன்றாக உட்கார்ந்தால், பாவூர்சத்திரத்திலிருந்து குற்றாலம் வரையிலான 18 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டுக்கே முன்மாதிரியான ஒரு நாள் யாத்திரைப் பாதையாக மாற்றிவிட முடியும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. லீவு கேட்டு யார் முன்னாலும் நிற்கத் தேவையில்லாத ஒரு நாள் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து வட்டம் போடுங்கள். அன்றைக்கு எத்தனை மணி நேரம் உங்களுடையது என்று எண்ணுங்கள். அந்த நேரத்துக்குள் அடங்கும் ஒரு கோயிலைத் தேர்ந்தெடுங்கள். நாளை விடியலிலேயே கீழப்பாவூர் வரை ஒரு நடை போட்டுக் காலைப் பழக்க ஆரம்பியுங்கள்.